கல்யாணத்திலும் கைக்கட்டு இருக்கட்டும்

கண்ணு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது உன் வலது கை கட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். இல்லையென்றால் கையைத் தாங்குகிற அந்தப் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார். நான் எழுதப்போவது கொஞ்சம் நீளமானது. பாதியில் எழுந்து எஸ்டிடி பூத்துக்கு ஓடி என்னோடு சண்டைக்கு வராதே. சண்டைக்குக் காரணம் இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேற்று நான் தனியாகப் பஸ் ஏறி வாழவந்திக்குப் போனேன். நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற கோமதியின் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். உன் தோள், நடந்த ஆபரேஷன், நாம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

போன வாரம் நாகலூர் டீக்கடைக்கு நீ போன் செய்தபோது எடுத்தவர் உன் அப்பா. எதைச் சொன்னாலும் சரி சரி என்பார் என்று தெரிந்து, நான் பால்வாடியில் பிள்ளைகளோடு இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் செய்திருக்கிறாய். தையல் பிரித்தாயிற்று, காயம் காய்ந்துவிட்டது, மொத்தமே மூன்று பொட்டு அளவுதான், அதனால் கல்யாணத்தன்று காலையில் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் உட்காருவேன், பந்தி முடிந்ததும் மாட்டிக்கொள்வேன், பெண் வீட்டாருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்றாயாம். அவரும் சின்னக் காயந்தானாம் என்று நிம்மதியாக வந்து சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் பாதி உன்மேல், பாதி என்மேல். நீ பொங்கலுக்கு வராததற்கு மில்லில் லீவு கொடுக்கவில்லை என்று கோமதியின் அப்பாவிடம் சந்தையில் நின்று கூசாமல் சொன்னவள் நான்தானே. அவர் அதை நம்பி, கோயம்புத்தூருக்கு யாராவது போனால் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிக் கையில் வைத்தார். அந்தப் பழத்தை நானும் அப்பாவும் தின்று தீர்த்தோம்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த மலையில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கும் முன்னால் கையைப் பார்ப்பார்கள். காப்பிப் பழ மூட்டை தூக்க வேண்டும், மிளகுக்கு ஏணி சாய்க்க வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் சேலம் பஸ்ஸில் கம்பியையாவது பிடித்துத் தொங்க வேண்டும். கை கழலுகிற பையன் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அது நாகலூர் முழுக்கச் சுற்றி வந்துவிடும். நீ மில்லில் வேலை செய்கிறவன் என்றாலும் அந்தப் பேச்சு உன்னை விடாது. அதனால்தான் நானும் உன்னோடு சேர்ந்து மறைத்தேன்.

உன் தோள் முதலில் கழன்றது நம் பள்ளிக்கூட மைதானத்தில், சில வருஷம் முன்னால் பொங்கல் கபடியில். நீ ரெய்டு போய் கோட்டைத் தொடக் கையை நீட்டினாய். அந்தக் கையை அப்படியே பின்பக்கமாக மடக்கி இழுத்தார்கள். கூட்டத்தில் இருந்த ஒருவர் இழுத்துப் பொருத்திவிட்டார். எண்ணெய் போட்டு, துணி சுற்றி, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அதற்கப்புறம் சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது கழன்றது. தலைக்குமேல் கையைப் போட்டுத் தூங்கியபோது கழன்றது. நீயே சுவரோரம் குனிந்து நின்று அதை உள்ளே தள்ளப் பழகிவிட்டாய், நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் முடித்தும் விடுவாய். நிச்சயதார்த்தம் முடிந்த மாசம் மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது மேலே கம்பியைப் பிடித்திருந்த கை கழன்று, படியில் நின்றிருந்த உன்னைக் கண்டக்டர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். அன்று அவர் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் இப்போது யாருக்குக் கடிதம் எழுதுவேன்? அதனால்தான் பத்திரிகை அடித்தபிறகும், முகூர்த்தம் மாசியில் என்று தெரிந்தும், மார்கழியிலேயே ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் இருந்தாய். பாதி உனக்குத் தெரியாது, மீதியை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் டாக்டர் பிளாஸ்டிக் எலும்பை மேசைமேல் வைத்து எனக்குத்தான் சொன்னார். உன் அப்பா எலும்பைப் பார்த்ததுமே டீ குடிக்கப் போய்விட்டார். இடுப்பில் இருக்கிற கிண்ணம் ஆழமாம், தொடை எலும்பின் தலை அதற்குள் நன்றாக அமுங்கி உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படி இல்லை. முதுகுப்பக்கம் முக்கோணமாக ஒரு தட்டை எலும்பு இருக்கிறதே, அந்தத் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் சோடா மூடி போல ஆழமில்லாத ஒரு குழி. அதன்மேல் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை. குழி சிறிசு, தலை பெரிசு. அதனால்தான் கையை முன்னால், பின்னால், மேலே, சுற்றி என்று எந்தப் பக்கமும் கொண்டுபோக முடிகிறது. அதனால்தான் உடம்பில் இருக்கிற பெரிய மூட்டுகளிலேயே இது சுலபமாகக் கழலவும் செய்கிறது.

பிறகு ஏன் எல்லோருக்கும் கழலுவதில்லை என்று கேட்டேன். அந்தக் குழியின் விளிம்பைச் சுற்றி, கெட்டியான நாரால் ஆன ஒரு வளையம் எலும்போடு ஒட்டியிருக்கிறதாம். தட்டையான குழியைக் கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுப்பது அதுதான். பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை மாதிரிங்களா என்றேன். டாக்டர் சிரித்து, அதேதான் என்றார். பிரிமணையோடு சேர்ந்து முன்பக்கம் சில நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நாலு தசைகள் தோள்பட்டையிலிருந்து வந்து உருண்டையைச் சுற்றிக் கவ்விக்கொண்டு, நாம் கையைத் தூக்கும்போது உருண்டை நகராமல் குழியின் நடுவிலேயே இருத்தி வைக்கின்றன. உனக்கு அந்த நாலு தசையும் நன்றாகவே இருந்தன. கபடியில் கையை மடக்கியபோது உருண்டை முன்பக்கமாக வழுக்கி, பிரிமணையின் முன்பாதியை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பிய்ந்தது தானாக ஒட்டவில்லை. அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை உள்ளே தள்ளினாலும் அது பிரிமணை இல்லாத பானைதான். ஒவ்வொரு தடவை கழலும்போதும் குழியின் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்றும் சொன்னார். நீ சுவரோரம் நின்று சாமர்த்தியமாகச் செய்ததாக நினைத்ததெல்லாம் அந்தத் தேய்மானம்தான்.

ஆபரேஷனை வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். மறுநாள் டாக்டர் போட்டுக் காட்டினார். நான் முழுக்கப் பார்த்தேன். தோளின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டு, பென்சில் கனத்தில் ஒரு குழாயை விடுகிறார்கள். அதன் முனையில் வெளிச்சமும் கேமராவும் இருக்கின்றன. முன்பக்கத்துத் துளைகள் வழியாகக் கருவிகளை விடுகிறார்கள். டாக்டர் தோளைப் பார்ப்பதே இல்லை. எதிரில் இருக்கிற டிவியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். உள்ளே இடம் விரியவும் ரத்தம் மறைக்காமல் இருக்கவும் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து உன்னைக் கொண்டுவந்தபோது தோள் பூசணிக்காய் போல வீங்கியிருந்ததைப் பார்த்து நான் அழுதேனே, அது அந்தத் தண்ணீர்தான், ஒரு நாளில் வடிந்துவிட்டது. டிவியில் பிய்ந்த பிரிமணை தண்ணீருக்குள் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. குழியின் விளிம்பு எலும்பைச் சுரண்டிப் புதுசாக்கி, துளையிட்டு, நூல் கட்டிய பொடி ஆணிகளை இறக்கி, அந்த நூலை வளையத்தில் கோத்து, முடிச்சை வெளியே போட்டு ஒரு கம்பியால் உள்ளே தள்ளி இறுக்கினார்கள். முடிச்சு இறுக இறுக அந்த வெள்ளை வளையம் எலும்போடு போய்ப் படிந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு நிம்மதியாக வந்தது.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன், சாமி. உனக்குப் பிரித்தது தோலில் போட்ட தையல். உள்ளே போட்டது உள்ளேதான் இருக்கிறது. அந்த நூல் வளையத்தைப் பிடித்து வைத்திருக்கிறதே தவிர, வளையம் எலும்போடு ஒட்டுவது உடம்பு செய்கிற வேலை. அதற்கு மாசக்கணக்கில் ஆகும். சிமெண்டு தரை போட்டால் மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் நாம் நடக்கவிடுவோமா? பழைய முறையில் நீளமாகக் கீறிச் செய்திருந்தால் தழும்பைப் பார்த்தே ஊர் உன்னை உட்கார வைத்திருக்கும். மூன்று பொட்டைப் பார்த்துவிட்டு உன் அப்பா ஏமாந்தார், நீயும் ஏமாந்தாய். சின்னத் துளை வழியாகச் செய்தார்கள் என்பதற்காக உள்ளே செய்த வேலை சின்னதாகிவிடாது.

பெல்ட்டை ஒரு காலைப்பொழுது கழற்றினால் என்ன ஆகிவிடும் என்கிறாய். அந்தக் காலைப்பொழுதில் உன் கை என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று யோசித்தாயா? மாலை மாற்றக் கையைத் தலை உயரத்துக்குத் தூக்க வேண்டும். தாலி கட்டக் கழுத்தைச் சுற்றி நீட்ட வேண்டும். மில் சிநேகிதர்கள் மேடைக்கு வந்து கையைப் பிடித்து உலுக்குவார்கள். போட்டோக்காரர் கோமதியைக் காட்டி, அக்கா தோள்மேல் கையைப் போடுங்கண்ணா என்பார். தூக்காதே, வெளிப்பக்கம் திருப்பாதே, பின்னால் கொண்டுபோகாதே என்று டாக்டர் எதையெல்லாம் சொன்னாரோ அதெல்லாம் ஒரே காலையில். கட்டு இல்லாவிட்டால் உன் கையில் கோளாறு இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் எப்படி ஜாக்கிரதையாக இருப்பார்கள்? அவர்களுக்கு எச்சரிக்கையே அந்தக் கட்டுதான்.

இதையெல்லாம் யோசித்துத்தான் போனேன். கல்யாணம் நின்றுபோகலாம் என்று தெரிந்தே போனேன். கோமதியின் அப்பா எஸ்டேட்டில் மிளகு பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஒற்றை மூங்கில் ஏணியை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஒரு கையால் தொங்குகிற மனுஷர், அவருக்குத் தோளைப் பற்றிப் புரியவைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அவர்கள் தண்ணீர்ப் பானையையே காட்டினேன். அடியில் இருந்த பிரிமணையை இழுத்தேன். பானை சாய்ந்தது. கோமதியின் அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கை பழையபடி வருமா என்று கேட்டார் அவள் அப்பா. கட்டாயம் வரும் என்று வாய்வரை வந்தது, ஆனால் சொல்லவில்லை. பெரும்பாலும் நன்றாக வரும், பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும், சிலருக்குத் திரும்பவும் கழலலாம், கபடி இப்போதைக்குக் கிடையாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“கை வரலீன்னாக்கூட என்னமோ ஒரு வழி பாத்துக்கலாமுங்க டீச்சரம்மா,” என்றார் கோமதியின் அப்பா. “பழத்தக் கையில வாங்கிக்கிட்டு லீவு இல்லீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதுதானுங்க மனசுக்கு ஆறமாட்டேங்குது.”

தப்புதானுங்க என்றேன். அவர் எழுந்து வெளியே போய், காயப்போட்டிருந்த மிளகைக் கையால் துழாவ ஆரம்பித்தார். உள் அறையில் கோமதியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது அதுவரை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. கழுத்தில் இஞ்ச் டேப்போடு வாசற்படியில் வந்து நின்றாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்க வந்து சொல்றது அவருக்குத் தெரியுமுங்களா, அத்தை?”

தெரியாது என்றேன். அந்த முகத்துக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மிஷின் திரும்ப ஓடவில்லை. அவள் அப்பாவின் கோபம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, கண்ணு. அந்த மிஷின் ஓடாததுதான் என்னை வாட்டியது. உன் தோள் அவளைப் பயமுறுத்தவில்லை. நீ சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது. முப்பது வருஷம் ஒருத்தரோடு குடித்தனம் செய்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உன் அப்பாவுக்கு எந்தப் பல் கூசும், எந்தக் காதில் சரியாகக் கேட்காது என்று எனக்குத் தெரியும். என் கால் ஆணி அவருக்குத் தெரியும். உடம்பை மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க முடியாது. நீ கல்யாணத்தன்று மறைத்தாலும் மறுநாள் சட்டை மாட்ட அவள்தான் கை கொடுக்க வேண்டும்.

கல்யாணம் நின்றது என்றே நினைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புக்குக் கோமதியின் அப்பாவும் கூடவே நடந்து வந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க, அம்மிணியத் தாழ்வா மணையில உக்கார வெச்சுட்டு, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஒசரமா முக்காலி போட்டா, கையத் தூக்காம முடிச்சுப் போட்டுரலாமுங்களா?”

நான் அழுதுவிட்டேன், நடுரோட்டில். போட்டுவிடலாம் என்றேன். நீ ஒரு முடிச்சுப் போட்டால் போதும், மீதியை நாத்தனார் முறைக்கு உன் சித்தப்பா மகள் போட்டுவிடுவாள். மாலையை நீ தொட்டுக் கொடுத்தால் போதும், உனக்குப் பதிலாக மாமன் தூக்கிப் போட்டுவிடலாம் என்றும் அவரே யோசனை சொன்னார். ஆனாலும் முக்காலி உயரத்தை நாங்களாக முடிவு செய்யப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் உன் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவரிடம் ஒரு தலையணையை எதிரில் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டியபடி முடிச்சுப் போட்டுக் காட்டு. அவர் கூடாது என்றால் கூடாதுதான், நீ தாலியைத் தொட்டுக் கொடு, வேறு யாராவது முடிச்சுப் போடட்டும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு கோமதி மூச்சு வாங்க ஓடிவந்தாள். ஜன்னலோரம் நின்று, அந்த ஆஸ்பத்திரி நீலப் பெல்ட் பட்டு வேட்டிக்குப் பொருந்தாது, அதே கரை வைத்து வெள்ளையில் ஒரு கைக்கட்டு நானே தைத்துவிடுகிறேன், எல்லோரும் பார்த்தால் பார்க்கட்டும் என்றாள். முழங்கையிலிருந்து விரல் ஆரம்பிக்கிற இடம்வரை அளவு வேண்டுமாம். உன் பழைய சட்டை வீட்டில் இருக்கிறது, அளந்து அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“நீங்க அளக்க வேண்டாமுங்க, அத்தை. அவரே அளந்து எழுதட்டும். என்ன ஆச்சுன்னும் அவரே எனக்கு எழுதட்டுமுங்க.”

அதனால் அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த இஞ்ச் டேப்பை இதோடு வைத்திருக்கிறேன். அறைச் சிநேகிதனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அள. கட்டிலிருந்து கையை எடுக்காதே. விரலையும் மணிக்கட்டையும் அசைக்க டாக்டரே சொல்லியிருக்கிறார், எழுதலாம். எழுத்துக் கோணினால் கோணட்டும். ஓர் இன்லண்டு லெட்டரும் உள்ளே இருக்கிறது. அதில் வாழவந்தி முகவரியை மட்டும் நான் எழுதிவிட்டேன். மற்றதை நீதான் எழுத வேண்டும்.

உன் அம்மா